என் வாயால் போன இரண்டு சர்வ்

எங்கள் வீட்டில் ரகசியம் எதுவும் தங்காது. என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்ற செய்தி எனக்குத் தெரிவதற்கு முன்பே பின்தெருவுக்குத் தெரிந்திருந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் அப்பாவின் காது. ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில், தகடு அடிக்கும் பிரஸ் மிஷின்களுக்கு நடுவே நின்று நின்று அவருக்குக் காது பாதி போய்விட்டது. அதனால் வீட்டில் எதைச் சொன்னாலும் கத்திச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் கையைக் காட்ட வேண்டும்.

கை என்றால் பிரஸ் ஷாப் கை. அந்தச் சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் அங்கே எல்லாமே ஜாடைதான். மூடிய முஷ்டி என்றால் ‘நில்லு’. விரித்த கை என்றால் ‘போ’. சுண்டுவிரலை மட்டும் நீட்டினால் ‘டீ வந்தாச்சு’. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்தால் ‘ஆபத்து, லைனை நிறுத்து’. நானும் என் தம்பி தினேஷும் எழுத்துக் கற்பதற்கு முன்பே இவற்றைக் கற்றுவிட்டோம். (தட்டுக்கு மேல் முஷ்டியைக் காட்டினால் ‘ரசம் போதும்’ என்று அர்த்தம். அம்மாவுக்கு மட்டும் இன்றுவரை அது புரியவில்லை. ஊற்றிக்கொண்டே இருப்பார்.)

தினேஷ் டென்னிஸ் ஆட்டக்காரன். கம்பெனி வைத்திருந்த கொரிய அதிகாரிகளின் குடியிருப்பில் பந்து பொறுக்கப் போனவனை, ஆள் குறைந்த ஒரு நாளில் அவர்கள் கோர்ட்டுக்குள் கூப்பிட்டார்கள். அன்றைக்கு உள்ளே போனவன்தான். வளர்ந்து, பயிற்சி எடுத்து, ஊர் ஊராகப் போய் இரட்டையர் ஆட்டம் ஆட ஆரம்பித்தான். இது வேலையா விளையாட்டா என்று அப்பாவுக்குப் பிடிபடவேயில்லை. தன் கம்பெனியில் சொல்லிவைத்து அவனுக்கு ஒரு ட்ரெய்னி இடமும் வாங்கிவிட்டார்.

“இந்த ஒரு மேட்ச் ஆடிக்கோ. ஜெயிச்சா உன் இஷ்டம். தோத்தா திங்கக்கிழமை ஜெனரல் ஷிப்டுக்கு வந்துடணும், இன்னா?”

“சரிப்பா” என்றான் தினேஷ். அன்று இரவு அவன் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

தண்டலம் பக்கத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில் போட்டி. சின்ன அளவிலான சர்வதேசப் போட்டிதான், ஆனால் அதில் ஜெயித்தால் உலகத் தரவரிசையில் புள்ளி உண்டு. அதற்காக வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். தினேஷுக்குக் கூட்டாளி ஒரு புனேக்காரன். தமிழில் ‘சாப்டியா’ தவிர வேறு தெரியாது. எதிரே பனைமர உயரத்தில் ஒரு வெள்ளைக்காரனும், சென்னைப் பையன் ஒருவனும்.

அப்பா அதுவரை தினேஷ் ஆடி ஒரு மேட்ச்கூடப் பார்த்ததில்லை. அன்றைக்கு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்தார். கண்ணாடியை மட்டும் டிவி மேல் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

முதல் செட் எங்களுக்கு, அடுத்தது அவர்களுக்கு. கடைசியாக டைபிரேக்கர்: பத்துப் புள்ளியை முதலில் தொடுபவர்களுக்கு மேட்ச். நடுவில் பக்கம் மாறும்போது தினேஷ் அந்தக் கோடிக்குப் போனான். அப்பாவும் எழுந்துவிட்டார். “பையன் அங்க போய்க்கினு கீறான், நாம இன்னாத்துக்கு இங்க?” தாய்க்கோழி மாதிரி அவன் பின்னாலேயே போய், அவன் முதுகுக்கு நேராக முதல் வரிசையில் உட்கார்ந்தோம்.

எட்டுக்கு ஏழு என்று தினேஷ் ஜோடி முன்னால் இருந்தது. இப்போது புனேக்காரனுக்கு இரண்டு சர்வ். இரண்டிலும் புள்ளி எடுத்தால் மேட்ச் முடிந்தது. திங்கட்கிழமை கம்பெனியும் இல்லை. அப்பா என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அப்படி அவர் என் கையைப் பிடித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. 

வலைப் பக்கம் நின்ற தினேஷ், சர்வ் போடுபவனுக்குத் தெரிகிற மாதிரி கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்தான். இரட்டையர் ஆட்டத்தில் இது வழக்கம். தான் நகரப்போவதையோ நிற்கப்போவதையோ கூட்டாளிக்குச் சொல்கிற ரகசியக் குறிப்பு. எதிராளிக்குத் தெரியக்கூடாது என்றுதான் முதுகுக்குப் பின்னால்.

“கையில இன்னா காட்றான்?” என்றார் அப்பா.

பார்த்தேன். மூடிய முஷ்டி. நம் முஷ்டி! பிரஸ் ஷாப் முஷ்டி! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஜாடையில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் கை இரண்டும் அப்பாவிடம் இருந்தன. மிச்சம் இருந்தது வாய் மட்டும்.

“நம்ம முஷ்டிப்பா! நிக்கிறான்! நகர மாட்டான்!”

எங்கள் வீட்டு அளவுக்கு அது சாதாரணச் சத்தம்தான். ஆனால் சர்வ் நேரத்தில் மைதானம் மூச்சுவிடாமல் இருந்தது. சென்னைப் பையன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு தினேஷ் நிற்காத பக்கமாகப் பந்தை இழுத்து அடித்தான். எட்டுக்கு எட்டு. நடுவர் என்னைப் பார்த்து ‘ப்ளீஸ்’ என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

அடுத்த சர்வ். மறுபடியும் கை பின்னால் வந்தது.

“இப்ப?”

“விரிச்ச கைப்பா! அந்தப் பக்கம் தாண்டப் போறான்!”

சென்னைப் பையன் வெள்ளைக்காரன் பக்கம் திரும்பி “லைன்!” என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னான். நான் சொன்ன தமிழ் என் கண்ணெதிரிலேயே இங்கிலீஷாகி அந்த நெட்டையன் காதுக்குள் போனது. தினேஷ் குறுக்கே பாய்ந்தான். அவன் விட்டுப்போன காலி இடத்தில், கோட்டை ஒட்டி, பந்து போய் விழுந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. (தொழில் கேட்கிறீர்களா? எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். தப்பை உடனே கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம்.)

தினேஷ் திரும்பி என்னைப் பார்த்தான். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்தான். ஏதோ முறையீடு என்று நடுவர் நாற்காலியிலிருந்து எட்டிப்பார்த்தார். எனக்குத் தெரியாதா? ‘ஆபத்து, லைனை நிறுத்து.’ வாயை மூடினேன், லைன் நின்றது. ஆனால் அடுத்த புள்ளியில் மேட்ச்சும் முடிந்தது. எட்டுக்குப் பத்து.

பைக் நிறுத்தும் இடத்தில் மூன்று பேரும் நின்றோம். தினேஷ் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினான்.

“திங்கக்கிழமை எத்தினி மணிக்குப்பா பஸ்?” என்று கத்திக் கேட்டான். குரல் பாதியில் உடைந்தது.

அப்பா அவன் வலது கையை எடுத்து முஷ்டியாக மடக்கினார். விரித்தார். மறுபடி மடக்கினார்.

“நம்ம கைய வெச்சா அங்க ஆடுற?”

“ஆமாம்பா. அவனுக்கும் அதத்தான் சொல்லிக் குடுத்தேன்.”

“சுண்டுவிரலு?”

“சர்வை ஓரமா இழுத்துப் போடுன்னு அர்த்தம்.”

“டீ இல்லியா?”

“டீ இல்லப்பா.”

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“நீதான குவாலிட்டி? பீஸு நல்லாத்தான் வந்துகினு இருந்துச்சி. நடுவுல ஒருத்தி பூந்து கெடுத்துட்டா. அத்த இன்னா போடுவ? ரிஜெக்டா, சரிபண்ணி அனுப்புற ரீவொர்க்கா?”

 அன்றைக்கு உருப்படியாகக் கத்த எனக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது.

“ரீவொர்க்குப்பா!”

வாட்ச்மேன் குச்சியோடு ஓடிவந்தார். அப்பா விரித்த கையைத் தினேஷுக்குக் காட்டினார். ‘போ.’

அவன் போனான், இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் எங்கே ஆடினாலும் எங்களுக்கு பாஸ் அனுப்புவான், கூடவே என் பெயர் எழுதிய ஒரு கடலை மிட்டாய் பாக்கெட். டைபிரேக்கர் வந்ததும் அப்பா அதைப் பிரித்து என் வாய் நிறையத் திணித்துவிடுவார். சொந்தக்காரர்கள் யார் வீட்டுக்கு வந்தாலும் எனக்கு முதலில் நீட்டுவது அதைத்தான். அப்பா இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு வருகிறார், கையைத் தானே படித்துக்கொள்கிறார். ஆனாலும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்வதை மட்டும் விடவில்லை.

போன முறை முக்கியமான ஒரு புள்ளியில் தினேஷ் முதுகுக்குப் பின்னால் சுண்டுவிரலை நீட்டினான். மைதானம் அமைதியாக இருந்தது. “டீ வந்துடுச்சி!” என்று ஒரு குரல் எழுந்தது. எல்லாரும் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள், தினேஷ் உட்பட.

நான் இல்லை. என் வாயில் மிட்டாய் இருந்தது.