போன வாரத்து மழை

ஒரு வேலைக்கான விதிமுறையை எழுதியவனிடம் அந்த வேலையை மட்டும் கொடுக்கக் கூடாது. விதியெல்லாம் அடுத்தவருக்கு என்று நினைத்துக்கொண்டிருப்பான்.

சென்னையில் ஒரு கணினி மையத்தில் சர்வர்களை மேய்த்து ஓய்வு பெற்றவன் நான். மரக்காணம் திரும்பியதும், உப்பு உற்பத்தியாளர் சங்கத்தில் தூசி படிந்து கிடந்த கணினியில் லினக்ஸ் போட்டு, மழை எச்சரிக்கை அனுப்பும் சர்வராக மாற்றினேன் (யாரும் கேட்கவில்லை). சங்கத்து எழுத்தர் எச்சரிக்கையைப் பதிந்தால் அது வரிசையில் போய் நிற்கும். கிழட்டு இயந்திரம் திணறக் கூடாதே என்று, மற்ற வேலை ஓய்ந்த பிறகுதான் வரிசையில் நிற்பதை எடுத்து எல்லா உப்பளக்காரர் போனுக்கும் அனுப்பும்படி வைத்திருந்தேன்.

வகுப்பும் எடுத்தேன். "மெசேஜ் வந்தா வானத்தைப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க. ஓடிப்போய் உப்பை மூடுங்க." குவித்து வைத்த உப்பு கரைய ஒரு கோடை மழை போதும் என்பதால் எல்லாரும் சொன்னபடி கேட்டார்கள். என் வாழ்க்கையில் நான் சொல்லி ஊர் கேட்டது அது ஒன்றுதான்.

என் மகள் வித்யாவின் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வாரம், பராமரிப்புக்காக வரிசையை நிறுத்தி வைத்தேன். பார்த்து அந்த வாரம்தான் மழை பிடித்துக்கொண்டது. சங்கத்தார் ஆட்டோவில் மைக் கட்டி ஊருக்குச் சொல்லி உப்பைக் காப்பாற்றிவிட்டார்கள். எழுத்தர் மட்டும் என் விதிப்படி ஒவ்வொரு எச்சரிக்கையையும் கணினியிலும் விடாமல் பதிந்துகொண்டிருந்தார்.

நிச்சயதார்த்தத்தன்று காலை பட்டு வேட்டியோடு சங்கத்துக்குப் போனேன். பேக்கப்பை ஓடவிட்டு, வரிசையைத் திறந்துவிட்டு, மண்டபத்துக்கு வந்துவிட்டேன். திறக்கும் முன் உள்ளே என்ன நிற்கிறது என்று பார்த்து, பழையதை அழிக்க வேண்டும். (கையேட்டில் அடிக்கோடு போட்டே எழுதியிருக்கிறேன்.) பார்க்கவில்லை.

மண்டபத்தில் பத்திரிகை வாசித்து முடித்தார்கள். அடுத்தது தட்டு மாற்றுவது. வித்யாவின் தாய்மாமன், என் மச்சான் ஏழுமலை, தட்டோடு எழுந்து நின்றான். எங்கள் சொந்தக்காரர்கள் பலரையும் போல அவனும் உப்பளக்காரன். அந்த நேரம் பார்த்து சங்கத்தில் பேக்கப் முடிந்து சர்வருக்கு ஓய்வு கிடைத்துவிட்டது. எங்கள் பக்கத்துப் போன்கள் அத்தனையும் ஒன்றாகக் கத்தின.

ஏழுமலை படித்தான். தட்டைத் தரையில் வைத்தான்.

"மாமா, மழை" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஓடினான்.

அவன் பின்னால் எங்கள் சொந்தம் மொத்தமும் ஓடியது. பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெண்கள் வேனில் ஏறினார்கள். ஒருவரும் வானத்தைப் பார்க்கவில்லை. அங்கே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பழங்களைத் திரும்பப் பையில் அடுக்கத் தொடங்கினார்.

"என்னங்க, எங்களால எதுனா தப்பாயிடுச்சா? தட்டைக் கீழ வச்சிட்டுப் போறாரு" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

நான் வரிசை, பேக்கப், இயந்திரத்தின் சுமை என்று வரிசையாக விளக்கினேன். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். மணப்பெண் வித்யாதான் எழுந்து வந்தாள்.

"ஒண்ணுமில்லைங்க மாமா. போன வாரத்து மழையை எங்கப்பா இன்னைக்கு அனுப்பிட்டாரு. உப்பு கரைஞ்சிடும்னு ஓடுறாங்க."

அவர் வாசலுக்குப் போய் வெயிலைப் பார்த்துவிட்டு வந்தார். விவசாயி. மனைவியின் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தார்.

"களத்துல நெல்லு காயும்போது தூறல் போட்டா நாம என்னா செய்வோம்? தாலி கட்டுற நேரமா இருந்தாலும் ஓடுவோம். பழத்தை வெளிய எடுத்து வையி. வரட்டும், இருக்கலாம்."

ஏழுமலை திரும்பி வந்தபோது வேட்டி முழங்காலுக்கு மேல் இருந்தது, காலெல்லாம் உப்பு. "ஒரு சொட்டு இல்ல மாமா" என்றான். அவன் கையை மட்டும் கழுவிக்கொண்டு தட்டை எடுத்தான்.

கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. இப்போதும் வந்தவாசிப் பக்கம் வெயில் காய்ந்தால் சம்பந்தி போன் செய்வார்.

"சம்பந்தி, ஏரி வத்திக் கெடக்குது. பழைய மழை எதுனா மிச்சம் இருக்குதா?"

வரிசையைப் பார்த்துச் சொல்கிறேன் என்பேன்.