எலி மருந்து சாப்பிட்ட ரொட்டி பாய்

கொடைக்கானல் பஜாரில் எலிகளுக்காக மனமிரங்கிய ஒரே மனிதர் எங்கள் ரொட்டி பாய்தான். அறுபதுகளில் அவருடைய பேக்கரிக்கு மேல்மாடியில் நான் வாடகைக்கு இருந்தேன். அந்தக் கடைக்கு மனிதர்களைவிட எலிகளே தவறாமல் வந்த வாடிக்கையாளர்கள். பாயும் விஷம் வைத்து அவற்றை ஒழித்துக்கொண்டுதான் இருந்தார், ஆஸ்பத்திரிக்குப் போய்வரும்வரை.

மூச்சிரைக்கிறது என்று போனவரின் நாடியை டாக்டரம்மா பிடித்துப் பார்த்தார். அது ஓடியது, நின்றது, மறுபடி தடுக்கி ஓடியது. இதயத்தின் மேலறை சரியாகத் துடிக்காமல் நடுங்குகிறது; அங்கே தேங்கும் ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம்; ரத்தம் உறையாதிருக்க மாத்திரை வேண்டும் என்று விளக்கியிருக்கிறார்.

பாய் என்னிடம் வந்து சொன்ன விதம் வேறு.

"தம்பி, நெஞ்சுக்குள்ள மாடி இருக்காம்ல. அங்கன ஒரே நடுக்கமாக் கெடக்காம். அதுக்கு எலி மருந்து குடுத்துருக்காங்க."

"என்ன பாய் சொல்றீங்க?"

"டாக்டரம்மாவே சொன்னாங்கப்பா. அளவாத் தின்னா மனுசன் பொழைப்பான், அளவு மீறுனா எலி சாகும். சரக்கு ஒண்ணுதானாம்."

மறுநாளே மூலைமுடுக்கில் வைத்திருந்த விஷ உருண்டைகளை எல்லாம் அள்ளி அப்புறப்படுத்தினார். "ஒரே மருந்து திங்கிறவங்களுக்குள்ள என்னத்துக்குப் பகை" என்றார். வெட்டுப்பட்டால் ரத்தம் லேசில் நிற்காது என்று சொல்லியிருந்ததால், கத்தியைப் பக்கத்துக் கடைக்குக் கொடுத்துவிட்டு நூலால் ரொட்டி அறுத்தார். வெள்ளைக்காரர் பள்ளிக்கூடத்துத் துரைசானி ஒருத்தி ரொட்டிக்குள் கிடந்த நூலை எடுத்துவந்து காட்டினாள். "அது இனாம்தாம்மா, காசு வேணாம்" என்றார் பாய்.

மூச்சு சீரானதும் துணிச்சல் வந்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினார். மழை விட்டிருந்த ஒரு காலையில் டீ கிளாஸ் அவர் வலக்கையிலிருந்து நழுவியது. வாய் ஒருபக்கம் இழுத்துக்கொண்டது. பஜார் முழுக்கக் கேட்கும் குரலுக்குச் சொந்தக்காரர், ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் என்னையே பார்த்தார். வழியில் வந்த உருளைக்கிழங்கு லாரியை மறித்து அவரை ஏற்றினேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாய் மெல்ல நேரானது. கண்ணைத் திறந்து என்னைத் தேடினார்.

"ஏலே, அடுப்புல ரொட்டி கெடக்கே, கரிஞ்சிருக்குமே. வெரசா எடுத்து வச்சுட்டு வரத் தெரியாதா ஒனக்கு?"

டாக்டரம்மா குறுக்கிட்டார்.

"பாய், இந்தத் தடவை கட்டி தானாக் கரைஞ்சுபோச்சு. அடுத்த தடவையும் கரையும்னு நான் சொல்ல மாட்டேன். மாத்திரையை நிறுத்தாதீங்க."

பாய் அதன்பின் நிறுத்தவில்லை. நானோ, கீழே அவர் யாரையாவது ஏசும் சத்தம் கேட்ட பிறகுதான் தினமும் கம்பளியை விலக்கி எழுந்தேன்.