லிப்டை நிறுத்தச் சொல்லிப் பேசினேன், அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. உயிரோடு இருக்கிறேன். நீ, அத்தான், குட்டி மூவரும் நலம் என்று வைத்துக்கொள்கிறேன். விசாரித்துப் பதிலுக்குக் காத்திருக்கும் நிலையில் இல்லை. போன் செய்யாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய். தாளில் உன்னால் முடியாது.

ஆஸ்பத்திரியின் மேல்மாடிக் கூட்ட அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். பேச்சு முடிந்துவிட்டது. கமிட்டிக்காரர்கள் பக்கத்து அறைக்கு டீ குடிக்கப் போயிருக்கிறார்கள். குடித்துக்கொண்டே முடிவு செய்வார்களாம். "நீங்க இங்கயே இருங்க" என்றார் நிர்வாக அதிகாரி. எனக்கு டீ வரவில்லை. அதிலேயே முடிவு தெரிகிறது. புரொஜெக்டரை யாரும் அணைக்கவில்லை. சுவர் முழுக்க அந்த லிப்ட் கயிற்றின் படம்.

விஷயம் உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், அவர்கள் டீ முடியும்வரை எனக்கு வேறு வேலை இல்லை. இந்த ஆஸ்பத்திரி லிப்டைப் பார்த்துக்கொள்வது எங்கள் கம்பெனி. போன வாரம் நான் சோதித்தபோது, அதைத் தூக்கும் கயிறுகளில் கம்பி இழைகள் அறுந்து நின்றன. தடவிப் பார்த்தால் கையுறையில் மாட்டுகிறது. புதுக் கயிறு போடும்வரை லிப்ட் ஓடக் கூடாது. அதுவரை நோயாளிகளைப் பின்பக்கச் சாய்தளத்தில் தள்ளிக்கொண்டு போகலாம், கஷ்டம்தான், ஆனால் போகலாம். நிறுத்தும் அதிகாரம் கமிட்டிக்கு. "நீதானே பார்த்தே, நீயே போய்ச் சொல்லு" என்று மேனேஜர் என்னை அனுப்பிவிட்டார். எனக்குப் பேச வராது என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஊரிலுள்ள ஆபீஸ்காரர்களுக்கெல்லாம் பேசக் கற்றுக்கொடுக்கிற நீ ஒருத்திதான் நம்பவில்லை.

கதையோடு ஆரம்பி என்றாய். ஆரம்பித்தேன். ஒருவர் லிப்டில் ஏறுகிறார், மேலே பிரசவ வார்டில் அவருடைய மகள். அதற்குள் நிர்வாக அதிகாரி கையைத் தூக்கிவிட்டார். "எந்த பேஷண்டோட அப்பா? தேதி என்ன?" "கற்பனை சார்." "கற்பனையா?" குறிப்பெடுக்கிற கிளார்க் பேனாவை நிறுத்தி, "சார், கற்பனையை மினிட்ஸ்ல போடலாமா?" என்றார். போடலாம் என்று இரண்டு பேர், கூடாது என்று இரண்டு பேர். அந்த விவாதம் என் பேச்சைவிட நன்றாக இருந்தது. மகளுக்குக் குழந்தை பிறந்ததா என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை. சிரித்த முகமாக ஒன்றைப் பார்த்துக்கொண்டு பேசு என்றாய், கணக்கு அதிகாரி சிரித்துக்கொண்டிருந்தார், அவரையே பிடித்துக்கொண்டேன். கயிறு அறுந்துகொண்டிருக்கிறது என்றேன், சிரித்தார். ஸ்ட்ரெச்சரோடு நடுவில் மாட்டினால் என்றேன், அதற்கும் சிரித்தார். பிறகுதான் புரிந்தது, பல் வரிசை அப்படி. எழுத்தைக் குறை, படத்தைக் காட்டு என்றாய். கயிற்றைப் பெரிதாக்கிக் காட்டினேன். தோலுக்கும் முடிக்கும் வைத்தியம் பார்க்கிற டாக்டர் எழுந்து சுவர் பக்கத்தில் போய்ப் பார்த்தார்.

"நுனி எல்லாம் பிளந்திருக்கே. எண்ணெய் வெச்சா சரியாகாதா?"

"இனிமே வெச்சுப் பிரயோஜனமில்ல டாக்டர்."

"ஆமா. வேர் போயிட்டா ஒண்ணும் பண்ண முடியாது."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னதில் தவறே இல்லை, அக்கா. ஆனால் சிரித்த பிறகு அந்தக் கயிற்றைப் பார்த்து யாருக்கும் பயம் வரவில்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. இனிமேல் எழுதப்போவதை அம்மாவிடம் சொல்லாதே.

ஒரு வாரமாக நீ போனில் தலைமை டாக்டராக நடித்தாய். நான் எந்த இடத்தில் மூச்சு வாங்கினாலும், அந்த டாக்டரம்மாவின் குரல் என்று நீயாக நினைத்துக்கொண்ட ஒரு குரலில், "அடுத்த வருஷம் மாத்திக்கலாமே, இப்ப என்ன அவசரம்?" என்று கேட்பாய். நானும் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொன்னேன். உனக்கு ஞாபகம் இருக்கும். இன்று நான் மூச்சு வாங்கினேன். தலைமை டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். ரொம்ப நிதானமாக, "அடுத்த வருஷம் மாத்திக்கலாமே, இப்ப என்ன அவசரம்?" என்றார். அதே வார்த்தை, அதே வரிசை.

"நீ கொஞ்சம் வாயை மூடிட்டுக் கேளு அக்கா" என்றேன்.

முக்கியமான வாக்கியத்துக்குப் பிறகு பேசாமல் நில், அது மனசில் இறங்கட்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தாயே. நின்றேன். இறங்கியது. கணக்கு அதிகாரியின் பல்கூட உள்ளே போய்விட்டது. கிளார்க் மெல்ல, "சார், இது..." என்று ஆரம்பித்தார். நிர்வாக அதிகாரி, "வேண்டாம்" என்றார். தலைமை டாக்டர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க அக்கா என்ன பண்றாங்க?" என்று கேட்டார். "பேச்சுப் பயிற்சி கொடுக்கறாங்க மேடம்." "ஓகோ" என்றார். அவ்வளவுதான். டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

எனக்குக் கூட்டத்தைக் கண்டு பயமில்லை, அக்கா. அந்தக் கயிற்றை நான் தொட்டிருக்கிறேன். தொட்டவனுக்குத் தெரிவது பார்ப்பவர்களுக்குத் தெரியவில்லை. நடுவில் இருப்பது என் வாய் மட்டும்தான். அது சரியில்லை. நாளைக்கு ஒருவேளை ஏதாவது ஆனால், நான் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளலாம். சொன்னேன் என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நிர்வாக அதிகாரி இப்போது வந்து போனார். வாசலில் நின்றபடியே, "நல்லாப் பேசினீங்க. அடுத்த வருஷ பட்ஜெட்ல பார்க்கலாம்னு தீர்மானம் ஆயிருச்சு" என்றார். ஆக, முடிந்தது. வேலையை விடப்போகிறேன். வேறு வேலை கிடைக்கும், பேசாத வேலை. நீயும் இனி எனக்கு எதையும் சொல்லிக்கொடுக்காதே. முடிந்தால் யாருக்குமே.

அத்தானிடம் என் வணக்கத்தைச் சேர்த்துவிடு. குட்டி எல்லா சுகமும் பெற்று, நாலு பேர் முன்னால் நிற்கத் தேவையில்லாத வாழ்க்கை வாழட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: நடைபாதையில் சுவர்மேல் தாளை வைத்து எழுதுகிறேன். கோணலாக இருக்கும். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், வீட்டுக்குக் கிளம்பிய கமிட்டி முழுவதும் லிப்ட் முன்னால் நிற்கிறது. கதவு திறந்திருக்கிறது. யாரும் ஏறவில்லை.

"நீங்க போங்க டாக்டர்."

"ஐயோ, நீங்க சீனியர். நீங்க முதல்ல."

"எனக்கு ஒரு போன் வருது, நான் அடுத்ததுல வரேன்."

போன் அடிக்கவே இல்லை. கதவு மூடியது. யாரோ மறுபடி பொத்தானை அழுத்தினார்கள், திறந்தது, மறுபடி எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அப்போது ஒரு வார்டுபாய் ஸ்ட்ரெச்சரில் ஒரு வயதான அம்மாவைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஆபரேஷனுக்குக் கீழே போகிறவர். "கொஞ்சம் வழி விடுங்க சார்" என்றார். விட்டார்கள். எல்லோரும், ஒரு வார்த்தை பேசாமல், ஒதுங்கி வழி விட்டார்கள், அக்கா. முன்சக்கரம் உள்ளே போய்விட்டது. தலைமை டாக்டர் கையை நீட்டிக் கதவைப் பிடித்தார். கதவு அவர் கையில் இடித்து இடித்துத் திரும்பியது.

"வெளிய எடுப்பா" என்றார்.

"மேடம், ஆபரேஷனுக்கு நேரமாச்சு."

"எடுன்னு சொல்றேன். சாய்தளத்துல போ." நிர்வாக அதிகாரி பக்கம் திரும்பி, "நீங்களும் ஒரு கை பிடிங்க" என்றார். அவர் பிடித்தார்.

பிறகு தலைமை டாக்டர் என்னைப் பார்த்தார். கதவிலிருந்து கையை இன்னும் எடுக்கவில்லை. "எதை அணைச்சா இது நிக்கும்?"

மோட்டார் அறைச் சாவி என்னிடம்தான். போகிறேன். மேலே எழுதியதையெல்லாம் படிக்காமல் விடு.