கரி புகாத குழாய்

மனித இனம் நெருப்பைக் கண்டுபிடித்த நாளிலிருந்து விடை தெரியாமல் தவித்துவந்த ஒரு கேள்விக்கு, திருவண்ணாமலை வேங்கிக்காலில், எங்கள் அலுவலக மாடியில், டீ வருவதற்குள் விடை காணப்பட்டது. கரி நுழையாமல் தடுப்பது எப்படி என்பதே அந்தக் கேள்வி. விடை கண்டவர் எங்கள் மேலாளர் இளஞ்செழியன். உலகம் இன்னும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. உலகத்தின் வழக்கம் அது.

எங்களுடையது கரியின் அருமை தெரிந்த ஊர். மலைமேல் எரிந்த தீபத்தின் மையை நெற்றியில் இட்டுக்கொள்கிறவர்கள் நாங்கள். ஆனால் லாரிக் கரிக்கு அந்த மரியாதை கிடையாது.

எங்கள் நிறுவனம் பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதைக்குத் தண்ணீர் லாரிகளை அனுப்புகிறது. வெறுங்காலோடு மலையைச் சுற்றி வருகிறவர்கள் எங்கள் தண்ணீரைக் குடித்தார்கள். கூடவே எங்கள் புகையையும் குடித்தார்கள். பின்னதைப் பற்றிப் புகார் வந்ததால் எல்லா லாரிகளின் சைலன்சரிலும் புகை வடிகட்டி பொருத்தினோம். வடிகட்டி அடைத்துக்கொண்டால் புகைக்கு வெளியேற வழியில்லை. இன்ஜினுக்கு மூச்சு முட்டும். அதை முன்கூட்டியே சொல்வதற்காக ஸ்டியரிங் அருகில் ஒரு பிரஷர் மீட்டர். சைலன்சரிலிருந்து மீட்டர் வரை ஒரு மெல்லிய குழாய். முள் பச்சையில் நின்றால் நலம். சிவப்புக்குப் போனால் வண்டியை நிறுத்தி, வடிகட்டியைக் கழற்றித் தட்ட வேண்டும்.

ஏற்பாடு அப்பழுக்கற்றது. கரிக்குத்தான் ஒழுக்கம் போதவில்லை. அது அந்த மெல்லிய குழாய்க்குள்ளும் ஏறி அடைத்துக்கொண்டது. குழாய் அடைத்ததும், முள் பச்சையில் படுத்துத் தூங்கிவிட்டது.

இதை முதலில் கவனித்தவர் ஓட்டுநர் அருணாதேவி. சொந்த ஊர் அடி அண்ணாமலை. பாதையில் அந்த ஊர்ப் பக்கம் தண்ணீர் கொடுப்பதும் அவர் வண்டிதான். தண்ணீர் தாமதமானால் ஊர்க்காரர்கள் எங்களைத் திட்டமாட்டார்கள். அருணாதேவியின் வீட்டு வாசலில் போய் நின்று திட்டுவார்கள். அதனால் அவருக்கு வண்டி நின்றுவிடக் கூடாது என்ற பயம் ஜாஸ்தி.

"சார், மீட்டரு செத்துப்போச்சி. டியூபுல கரி அடைச்சிக்கினு இருக்குது" என்றார்.

உடனே 'கரி நுழைவுத் தடுப்பு உயர்நிலைக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் மேலாளர். தொழில்நுட்ப ஆலோசகர் மெக்கானிக் வேணு. செயலாளர் நான். நான் அதிகம் பேசமாட்டேன் என்பதே என் தகுதி. எங்கள் கூட்டங்களில் அடிக்கடி நீண்ட மௌனம் நிலவும். அதை 'ஒருமனதாக' என்று எழுதிக்கொள்வேன்.

முதல் கூட்டத்தில் வேணு பல் குத்திக்கொண்டே சொன்னார்: "டியூப சைலன்சர்லருந்து நேரா மேல தூக்கணும் சார். நடுவுல செம்புக் கொழாய சுருட்டி உட்டா புகை அங்கயே ஆறிடும். கரி திரும்பக் கீழயே உழுந்துடும். அப்பப்போ காத்து அடிச்சி ஊதணும். அவ்ளோதான்."

மேலாளரின் முகம் வாடியது. "அவ்ளோதானா?"

"அவ்ளோதான் சார்."

"அப்புறம் எதுக்குய்யா உயர்நிலைக் குழு?"

மௌனம். எழுதிக்கொண்டேன்.

இருந்தாலும் சோதனை முயற்சியாக அருணாதேவியின் வண்டியில் மட்டும் வேணு அப்படிச் செய்துபார்த்தார். கரி வரவில்லை. ஆனால் விபரீதம் ஒன்று நேர்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த முள் விழித்துக்கொண்டு நேராகச் சிவப்புக்குப் போய்விட்டது.

"கரி இருந்தவரைக்கும் வண்டி நல்லாத்தானய்யா இருந்திச்சி?" என்றார் மேலாளர்.

"வடிகட்டி அடைச்சிருக்குது சார். இப்பத்தான் மீட்டரு உண்மையச் சொல்லுது."

"யார் கேட்டா?"

இவ்வளவு ஆழமான கேள்வியை வேணு எதிர்பார்த்திருக்கமாட்டார். மேலாளர் ஜன்னல் வழியாக மலையை வெகுநேரம் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பினார்.

"வேணு, அந்த டியூப சைலன்சர்லருந்து கழட்டிட்டா?"

"கழட்டி?"

"முனைய ஒரு மூடி போட்டு அடைச்சி, சும்மா தொங்க உட்டுட்டா? உள்ள கரி எப்படி வரும்?"

வேணு பல் குத்துவதை நிறுத்தினார். ஒவ்வொரு வண்டிக்கும் காற்றடித்து ஊத வேண்டியது அவர் வேலை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

"வராது சார். ஆயுசுக்கும் வராது."

"நூறு சதவீதம்?"

"நூறு இன்னா சார், அதுக்கு மேலயே போட்டுக்குங்க."

டீ வந்தது.

அந்த வாரமே குழாய்கள் கழற்றப்பட்டு ரப்பர் மூடி அணிந்தன. எல்லா முட்களும் பச்சையிலேயே நின்றன. இன்ஜினை அணைத்த பிறகும் பச்சை. மேலாளர் அதைத் தனியாகப் பாராட்டினார். ஓட்டுநர் வல்லரசு ஒரு படி மேலே போய், "சார், வண்டிய மலை உச்சிக்கே ஏத்துனாலும் இந்த முள்ளு அசையாது சார்" என்று சான்று பகர்ந்தார்.

அருணாதேவி மட்டும் குழாயைக் கழற்ற விடவில்லை. குழு அவரை விசாரணைக்கு அழைத்தது.

"உங்க வண்டி மட்டும் ஏம்மா செவப்பு காட்டுது?"

"வடிகட்டி அடைக்கும்போது காட்டுது சார். நிறுத்தித் தட்டுனா பச்சைக்கு வந்துடுது."

"மத்த வண்டியில அடைக்கலையா?"

"அடைக்குது சார். அதுங்களுக்குத் தெரியல."

"தெரியாத வண்டிங்க நிம்மதியா ஓடுது. தெரிஞ்சி நீங்க என்னத்த சாதிச்சீங்க?"

"நடுரோட்டுல நிக்காம வந்து சேர்றேன் சார்."

இப்படி எதிர்மறையாகச் சிந்திப்பவரைப் பௌர்ணமிப் பணிக்கு அனுப்ப முடியாது என்று முடிவாயிற்று. அவர் வண்டி கொட்டகையில் 'கண்காணிப்பில்' வைக்கப்பட்டது. அடி அண்ணாமலைக்கு வல்லரசு.

"வண்டி வழியில நின்னுபோச்சினா சார்?" என்று கேட்டார் அருணாதேவி.

"நிக்கிற மாதிரி இருந்தா முள்ளு சொல்லும்மா."

பௌர்ணமி வந்தது. பாதை முழுக்கத் தலைகள். சாயங்காலத்துக்குள் எங்கள் வண்டிகள் ஒவ்வொன்றாக, கூட்டத்தின் நடுவே, தியானத்தில் அமர்ந்தன. வல்லரசு மேலாளருக்குப் போன் செய்தார்.

"சார், வண்டி நின்னுடிச்சி. இன்ஜின்ல ஒரே புகை. ஜனங்க கொடத்த வெச்சிக்கினு கத்துறாங்க சார்."

"முள்ளு?"

"பச்சைலதான் சார் இருக்குது."

"அப்போ வண்டி ஓடுதுன்னு அர்த்தம். ஓட்டு."

"சார், நான் கீழ எறங்கி நிக்கிறேன் சார்!"

"ஓடுற வண்டியிலருந்து எதுக்குய்யா எறங்கினே?"

இந்த வேளையில்தான் அந்த ஒழுங்கீனம் நடந்தது. அருணாதேவி யாரையும் கேட்காமல் கொட்டகைக்குள் புகுந்து தன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வழியில் முள் சிவப்புக்குப் போனது. நிறுத்தினார், தட்டினார், மறுபடியும் எடுத்தார். அடி அண்ணாமலையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். ஜனங்கள் கையேந்திக் குடித்தார்கள். மேற்பார்வைக்கு வந்திருந்த மேலாளரும் நானும் அந்தக் கூட்டத்தில் நின்றோம். யாரோ ஒரு பாட்டிலில் பிடித்து மேலாளரிடம் நீட்டினார்கள். அவர் ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

மறுநாள் குழு கூடியது. பச்சையில் இருந்த வண்டிகளின் மீது குற்றம் காண முடியாது என்பது பார்த்தவுடனேயே தெளிவாகிவிட்டது. சிவப்புக்குப் போனது ஒரே வண்டி.

"நேத்து உங்க முள்ளு செவப்புக்குப் போச்சா, இல்லையாம்மா?"

"போச்சி சார். அந்தத் தண்ணியத்தான் நீங்க குடிச்சீங்க."

"நான் குடிச்சது இந்த விசாரணையில வராது."

அருணாதேவி என் பக்கம் திரும்பினார். "இவரும் அங்கதான் நின்னாரு. கேளுங்க சார்."

நான் பேனாவின் மூடியைத் திருகினேன். 'ஒருமனதாக' என்று எழுதிக்கொண்டேன். அருணாதேவி வண்டிச் சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

"டியூபக் கழட்டுனீங்க, இப்ப என்னக் கழட்டுறீங்க. நடக்கட்டும் சார். அடுத்த பௌர்ணமிக்கு அந்தப் பச்சைய எங்க ஊருக்கு அனுப்புங்க, கொடத்துல புடிச்சிக்குவாங்க."

போய்விட்டார். வேணு அவர் வண்டியின் குழாயையும் கழற்றி மூடி போட்டார்.

அடுத்த பௌர்ணமியன்று எங்கள் முள் ஒன்றுகூடச் சிவப்பைத் தொடவில்லை. அடி அண்ணாமலையில் தண்ணீர் இல்லாமல் சிலர் மயங்கி விழுந்ததாகச் சொல்கிறார்கள். அவர்கள் விழுந்த நேரத்தில் எங்கள் வண்டிகள் அனைத்தும் பச்சையில்தான் இருந்தன என்று உயர்நிலைக் குழு சான்றிதழ் வழங்கியிருக்கிறது. அதைச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறோம். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். குடிக்கத் தண்ணீர் மட்டும் கையோடு கொண்டுவந்துவிடவும்.