ஐந்தாம் அங்கத்தைத் தேடிய மிளா

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். கதையில் வருகிறவர்களோ பெரிய படிப்புப் படிக்கிறவர்கள். ஏதாவது பிசகினால் என்னைச் சொல்லிச் சிரிப்பார்கள். இருந்தாலும் ஆரம்பித்துவிட்டேன், சொல்லிவிடுகிறேன்.

ஒரு காட்டில், முள்வேலி போட்ட தோப்புக்குள், விலங்குகளுக்கென்று ஒரு கல்லூரி இருந்தது. அந்தக் காட்டில் ஒரு சட்டம் உண்டு. கழுத்தில் ‘ஆய்வு மாணவர்’ என்ற அட்டை தொங்கும்வரை அந்த விலங்கை வேறு எந்த விலங்கும் தொடக் கூடாது.

ஒருநாள் மருதாணி என்ற இளம் மிளாவைப் புலி துரத்தியது. மிளா என்பது பெரிய மான் வகை. துரத்துகிற புலிக்கு அதனால் ஆசையும் பெரிது. ஓடிய வேகத்தில் மருதாணி கல்லூரி வாசலுக்குள் வந்து விழுந்தாள்.

வாசலில் உட்கார்ந்திருந்த முள்ளம்பன்றி, “சேர்க்கைக்கா?” என்று கேட்டது.

மருதாணி திரும்பிப் பார்த்தாள். “ஆமாங்க, ஆமாங்க!”

அட்டை கழுத்தில் ஏறியது. புலி வேலிக்கு வெளியே நின்று மூச்சு வாங்கியது. “பரவாயில்லை, படிக்கட்டும். படிப்பு என்றைக்காவது முடியாமலா போகும்” என்று அங்கேயே படுத்துக்கொண்டது.

மறுநாள் பேராசிரியர் கரடியார் அவளுக்கு ஒரு நாடகத்தைக் கொடுத்தார். பெயர் ‘ஓடைக்கரை வேங்கை’. அந்தக் காட்டின் மிகப் பழைய நாடகம். அதில் நான்காம் அங்கத்தின் முடிவில், பசித்த வேங்கை ஒரு மானின் கழுத்தில் காலை வைக்கிறது. மான், “அரசே, ஒரு வார்த்தை” என்கிறது. திரை விழுகிறது. ஐந்தாம் அங்கத்தில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பக்கங்களைக் கறையான் தின்றுவிட்டது. காட்டில் இருந்ததே அந்த ஒரு பிரதிதான்.

மருதாணி படித்து முடித்துவிட்டுத் தன் கழுத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவளுக்குப் புல் இறங்கவில்லை.

“ஐயா, தலைப்பு யோசிச்சுட்டேன்” என்று கரடியாரிடம் போனாள். “வேங்கை மானைத் தின்றதா, விட்டதா?”

கரடியார் காதைச் சொறிந்தார். “இது கேள்வி அம்மா. தலைப்பு இல்லை. ‘ஓடைக்கரை வேங்கை நாடகத்தில் பசி: ஓர் ஆய்வு’ என்று வை.”

“கேள்வி இருக்கக் கூடாதாங்க ஐயா?”

“கேள்வி வைத்தால் பதில் கேட்பார்கள். ‘ஓர் ஆய்வு’ என்று வைத்தால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். போய்த் திட்டம் போடு. நோக்கம், கருதுகோள், இயல் பகுப்பு, முன்னாய்வுகள். திட்டம் முடியாமல் கட்டுரையில் ஒரு வரி எழுதக் கூடாது.”

மருதாணி வேலி ஓரமாக உட்கார்ந்து திட்டம் போட்டாள். அவளுக்கு ஒத்தாசையாக இருந்தது புலி ஒன்றுதான். இதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆனால் அப்படித்தான்.

“எத்தனை இயல் போட்டிருக்கே, கண்ணு?”

“அஞ்சுங்க ஐயா.”

“எதுக்கு அஞ்சு? உடம்பு இளைச்சுப் போயிடும். மூணு போதும். சட்டுபுட்டுன்னு முடி.”

குரங்குகள் கிளையை ஆட்டினால் புலி அதட்டும். “டேய்! புள்ளை படிக்குது, தெரியலே?” ஓடைக்கரையிலிருந்து இளம்புல்லைக் கவ்விக்கொண்டு வந்து வேலி இடுக்கில் தள்ளும். தன் பிள்ளைகளின் படிப்பில்கூட அது இவ்வளவு அக்கறை காட்டியதில்லை.

இப்படி ஊக்கம் கிடைத்தால் யார்தான் படிக்க மாட்டார்கள்? மருதாணி மழைக்கு முன்பே திட்டத்தை முடித்துவிட்டாள். கல்லூரியே திகைத்தது.

மூத்த மாணவர் ஆமையண்ணன் மெதுவாக வந்து சேர்ந்தார். “என்ன தங்கச்சி, திட்டம் முடிஞ்சிடுச்சாமே? யார் மேலே கோபம் உனக்கு?”

“என்ன அண்ணே இப்படிக் கேக்குறீங்க? இனிமே கட்டுரையை எழுத வேண்டியதுதானே?”

“எழுதி ஒப்படைச்சதும் அட்டையைக் கழற்றி வாங்கிடுவாங்க. அப்புறம் அந்த வாசல் வழியாத்தான் வெளியே போகணும். இத்தனை நாளா உனக்குப் புல்லு கொண்டாந்து போடறது யாருன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாரு.”

மருதாணி அப்போதுதான் சுற்றிலும் பார்த்தாள். முயல் இன்னும் தாளில் ஓரக்கோடு போட்டுக்கொண்டிருந்தது. மயில் நன்றியுரையில் யார் பெயரை முதலில் போடுவது என்று இறகு நரைக்கும்வரை யோசித்துக்கொண்டிருந்தது. ஆமையண்ணன் அறிமுகத்துக்கு முன்னால் வரும் சிறுகுறிப்பின் மாதிரி வடிவத்தையே இன்னும் எழுதிக்கொண்டிருந்தார். எல்லோரும் கொழுகொழுவென்று இருந்தார்கள்.

அவள் கரடியாரிடம் ஓடினாள். “ஐயா, திட்டத்தை இன்னும் கொஞ்சம் திருத்தணும்.”

“முடியாது” என்றார் கரடியார். அவருடைய முகமும் வாடியிருந்தது. “யானைக் குழு வரப்போகிறது. ஒருவராவது கட்டுரையை முடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கல்லூரியை மூடிவிடுவார்கள். உன் திட்டம்தான் ஒழுங்காக இருக்கிறது. நீதான் எழுத வேண்டும்.”

“ஐயா, வெளியே…”

“தெரியும் அம்மா. நானும் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன்.” கரடியார் குரலைத் தாழ்த்தினார். “புதிதாக ஓர் ஆதாரம் கிடைத்தால் மட்டும் திட்டத்தை மறுபடி தொடங்கலாம். விதி அது.”

புது ஆதாரத்துக்கு எங்கே போவது? யோசித்து யோசித்து, வேலி ஓரம் இருந்த கறையான் புற்றுக்குப் போனாள் மருதாணி. புற்றின் வாசலில் கறையானம்மா சாய்ந்து படுத்திருந்தாள். கறையான் ராணி புற்றை விட்டு வெளியே வருமா என்று எனக்குத் தெரியாது. இவள் வந்தாள்.

“அம்மா, ஐந்தாம் அங்கத்தை நீங்கதான் சாப்பிட்டீங்களா?”

“நான் எங்கடி சாப்பிட்டேன்? எல்லாம் பிள்ளைங்க. ஆளுக்கு ஓர் எழுத்து. யார் எந்த எழுத்தைத் தின்னாங்கன்னு அவங்கவங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்க வம்சத்துல சாப்பிட்டதை மறக்க மாட்டோம். பாட்டன் தின்னதைப் பேரனுக்குச் சொல்லிட்டுத்தான் கண்ணை மூடுவான்.”

“எத்தனை பிள்ளைங்கம்மா?”

“பெத்தவ எண்ணுவாளா?”

மருதாணிக்கு உயிர் திரும்பி வந்தது. ஒவ்வொரு கறையானாகப் பேட்டி எடுக்க வேண்டும். எழுத்துகளை அடுக்க வேண்டும். அடுக்கியது சரியா என்று மறுபடி கேட்க வேண்டும். திட்டத்துக்கு எல்லையே இல்லை.

“ஆனா ஒண்ணு” என்றாள் கறையானம்மா. “கடைசி வார்த்தையை மட்டும் பிள்ளைங்க எனக்குன்னு எடுத்து வெச்சாங்க. அது தின்றதாங்கிறதும், விட்டதாங்கிறதும் அந்த ஒரே வார்த்தையில இருக்கு. இவ்வளவு ஆசையா வந்து கேக்குறே. சொல்லட்டுமா?”

மருதாணியின் காதுகள் தாமாகவே நிமிர்ந்தன. புல் இறங்காமல் அவள் தவித்தது இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே? கேட்டுவிட்டால் தவிப்பு தீரும். தவிப்பு தீர்ந்தால் முடிவுரை வரும். முடிவுரை வந்தால் அட்டை போகும்.

வேலிக்கு வெளியே புலி எழுந்து நின்றுவிட்டது. “கேளு கண்ணு, கேளு! எனக்கும் தெரியணும். என் கொள்ளுப்பாட்டன் கதை அது!” அதன் குரலில் பசி பாதிதான் இருந்தது. மீதிப் பாதி நிஜமான ஆசை.

மருதாணி ஒரு கணம் புலியைப் பார்த்தாள். பிறகு காதுகளை மடக்கி, தலையைச் சருகுக் குவியலுக்குள் புதைத்துக்கொண்டாள்.

“சொல்லாதீங்கம்மா! என் பாவத்தைக் கொட்டிக்காதீங்க. ‘சொல்ல முடியும்’னு மட்டும் ஒரு சான்று தாங்க, போதும்.”

சான்று கிடைத்தது. கரடியார் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். யானைக் குழு வந்து, இவ்வளவு பெரிய திட்டத்தை எந்தக் கல்லூரியிலும் கண்டதில்லை என்று தும்பிக்கையைத் தூக்கிப் பாராட்டியது. முடித்தவர்கள் யார் என்று கேட்க அதற்கு மறந்தே போய்விட்டது. போகும்போது தோப்புக்கு இன்னொரு வேலி போடச் சொல்லிவிட்டுப் போனது.

இப்போது புலிக்கு வயதாகிவிட்டது. பற்கள் ஆடுகின்றன. இளம்புல் கவ்விக்கொண்டு வருவதை மட்டும் நிறுத்தவில்லை, பழகிவிட்டது.

“எந்த அளவுல இருக்கு கண்ணு?” என்று சாயங்காலங்களில் கேட்கிறது.

“போய்க்கிட்டே இருக்குங்க ஐயா” என்கிறாள் மருதாணி, மென்றபடியே.

கதை இவ்வளவுதான். எழுதிவிட்டு மறுபடி படித்துப் பார்த்தேன். என் அக்கா மகள் தாமரைச்செல்வி, கல்லூரியில் ஒரு நாடகத்தைப் பற்றிக் கட்டுரைத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவளோ அவளுடைய பேராசிரியரோ இதைப் பார்த்தால் என்ன சொல்வார்கள்? கதை முழுவதையும் பேனாவில் எழுதிவிட்டேன். அதனால் கீழே இருக்கிற ஒரு வரியை மட்டும் பென்சிலில் எழுதியிருக்கிறேன். யாருக்காவது கோபம் வந்தால் அழித்துக்கொள்ளட்டும்.

நீதி: அறிவைத் தேடிக்கொண்டே இரு. அது கிடைத்துவிடும்போல் தெரிந்தால் காதைப் பொத்திக்கொள்.