இடக் குழாயில் இரண்டு விரற்கடை

கனடாவில், தமிழ்க் கடைகள் நிறைந்த வோபர்ன் பிளாசாவில் ஞாயிற்றுக்கிழமை கார் விட இடம் கிடைத்தால் அதுவே ஓர் அற்புதம். மற்ற அற்புதம் அதன் நிலக்கீழ் பேஸ்மென்ரில் நடந்தது. ஸ்ரௌவ்வில்லில் மில்லியன் டொலர் வீடு வாங்கியவர்கள்கூட, வீட்டுக் குழாய்த் தண்ணீரைப் போத்தலில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அதில் செய்வினை இருக்கிறதா என்று மின்னொளிச் சுவாமிகள் கண்டுபிடிப்பாராம்.

தண்ணீரில் ஒரு கரண்டி ‘திருநீறு’ போடுவார். கார் பற்றரியிலிருந்து இரண்டு கம்பிகளை உள்ளே விடுவார். ஒவ்வொரு கம்பியின் மேலும் ஒரு கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்திருப்பார். குமிழி கிளம்பும். இடக் குழாயில் சேருவது பெண்ணின் கண்ணூறு, வலக் குழாயில் ஆணின் கண்ணூறு. இடக் குழாயில் எப்போதும் இரட்டிப்பு! அதில் நெருப்புக் குச்சியைக் காட்டினால் ‘டொப்’. பொறாமை வெடிக்கிறதாம். சனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

“உங்களுக்குச் செய்தது ரெண்டு பொம்பிளை, ஒரு ஆம்பிளை. நெருங்கின சொந்தம்” என்பார் சுவாமிகள். பரிகாரத் தீர்த்தம் போத்தல் ஐம்பத்தொரு டொலர்.

அந்தத் தீர்ப்பைக் கேட்டு வந்த யோகராணிக்குத் தங்கைமார் இருவர், தம்பி ஒருவன். போதாதா? மகள் லக்சிகாவின் கலியாணத்துக்கு வரவேண்டாம் என்று மூவருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். சின்னம்மா தவராணி இல்லாமல் மணவறையில் ஏறமாட்டேன் என்று லக்சிகா அழுதாள்.

தவராணி சாப்பாடு கட்டிக் கொடுக்கும் ரேக்அவுட் கடையில் அப்பம் சுடுகிறவள். கடைக்கு வந்த மூன்று பேர் தங்களுக்கும் அதே தீர்ப்பு என்று சொன்னதைக் கேட்டிருந்தாள். அவர்களில் சீமோன் அண்ணைக்குக் கனடாவில் ஒரு சொந்தமும் கிடையாது. அடுத்த ஞாயிறு அவளும் சீமோன் அண்ணையோடு வரிசையில் நின்றாள். முன்னால் நின்ற யோகராணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“சுவாமி, உங்கட தீர்த்தத்தை ஒருக்காச் சோதிச்சுக் காட்டுங்கோ” என்றாள் தவராணி.

சுவாமிகள் மகிழ்ச்சியோடு கம்பிகளை விட்டார். ஒரு குமிழியும் இல்லை.

“பாத்தீங்களோ? சுத்தம்!”

அரோகராச் சத்தம் கூரையைப் பிளந்தது.

“திருநீறு போடேல்லையே?”

“தீர்த்தத்துக்கு எதுக்கம்மா திருநீறு?”

தவராணி அந்தத் ‘திருநீற்றில்’ ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். “உது அப்பச்சோடா! இருவது வருசமா மாவுக்குப் போடுறன், எனக்குத் தெரியாதே?” என்றபடி அதில் ஒரு கரண்டி அள்ளித் தீர்த்தத்தில் போட்டுக் கலக்கினாள்.

குமிழி பொங்கியது. எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இடக் குழாயில் இரண்டு விரற்கடை, வலக் குழாயில் ஒரு விரற்கடை.

“ஐயோ, சுவாமிக்கும் ரெண்டு பொம்பிளையும் ஒரு ஆம்பிளையும் செய்வினை வைச்சிட்டினம்!” என்று கத்தினார் சீமோன் அண்ணை.

சுவாமிகள் பற்றரியைத் தூக்கிக்கொண்டு பின்கதவால் ஓடினார். அது அவருடைய காரின் பற்றரிதான். அதைத் திரும்பப் பூட்டி முடிக்கும்வரை சனம் சுற்றி நின்று காசைக் கேட்டது.

“அப்ப என்ர வீட்டுத் தண்ணிக்குள்ள இருந்தது என்னடி?” என்றாள் யோகராணி.

“தண்ணிதான் அக்கா.”

யோகராணி தங்கையைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

சோடா கலந்தால்தான் தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும்; பாய்ந்தால் இரண்டு பங்கு ஐதரசன், ஒரு பங்கு ஒட்சிசன். உங்கள் வீட்டிலும் அதே கணக்கு, கோயில் கிணற்றிலும் அதே கணக்கு. பள்ளிக்கூடத்தில் படித்தோம், பரீட்சையோடு கைகழுவிவிட்டோம். மின்சாரம் தண்ணீரை மட்டும்தான் பிரிக்கும். அக்கா தங்கையைப் பிரிக்க, யோசிக்காத ஒரு தலை போதும்.