ஸ்பானிஷ் தெரிந்த மாப்பிள்ளை

கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்குப் புத்தி வேலை செய்யாது என்பார்கள். எனக்கு ஒரு மாதம் முன்பே நின்றுவிட்டது.

மலாய் நாட்டில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்கும் அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. நான் தெங்கேராவில் ஒரு துணிக்கடைக் கிராணி, அதாவது கணக்கெழுதுபவன்; பெண் பாயா ரும்புட் பக்கத்து எஸ்டேட். எல்லாரும் காரில் போய் இறங்குகிறார்கள், நான் குதிரையில்தான் போவேன் என்று அடம்பிடித்தேன். நொடித்துப்போன சர்க்கஸிலிருந்து முதலாளி வாங்கிய கிழக் குதிரை ஒன்று இருந்தது. அதைப் பழக்கியவன் ஸ்பெயின்காரன். 'ஆர்ரே' என்றால் போ, 'வாமோஸ்' என்றால் கிளம்பு, 'ஆண்டா' என்றால் நட. கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் செய்தேன். (தாலிக்கு எத்தனை முடிச்சு என்பதுதான் மனதில் நிற்கவில்லை.)

"சொன்னா மட்டும் போதாதுலா தம்பி, வெல்லமும் காட்டணும்," என்றார் முதலாளி. ஜிப்பாப் பை இரண்டையும் வெல்லத்தால் நிரப்பிக்கொண்டேன்.

எஸ்டேட் கேட்வரை ராஜாவாகப் போனேன். மாமனார் சொந்தக்காரர்களோடு காத்திருந்தார். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று ஆள் ஆளாகச் சோதிக்கும் காலம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மலாய்க் காவலர் என் பையைத் தடவினார்.

"பெர்மிட் அடா?" (இருக்கிறதா என்கிறார்.)

"குடா, குடா," என்று குதிரையைக் காட்டினேன்.

நல்ல மனிதர். குதிரைக்கென்றால் குதிரையே தின்னட்டும் என்று அத்தனையையும் அதற்கே ஊட்டிவிட்டார். வயிறு நிறைந்த குதிரை கண்ணை மூடிக்கொண்டது. ஆர்ரே என்றேன். வாமோஸ் என்றேன். கெஞ்சினேன்.

"மாப்பிள்ள யாரத் திட்டுறாரு?" என்றார் ஒருவர். கூனிக்குறுகிப் போனேன். இன்று நினைத்தாலும் காது சுடுகிறது.

கோயில் இரண்டு மைல் உள்ளே. மாமனார் கடிகாரத்தைப் பார்த்தார். "முகூர்த்தம் போச்சுன்னா எம் பொண்ணு கதி என்னங்க மாப்பிள்ள? எறங்குங்க," என்று, வந்த லோரியைக் கைகாட்டி நிறுத்தினார். அது ஒட்டுப்பால் லோரி. மரத்தில் காய்ந்து ஒட்டிய ரப்பர் பாலின் நாற்றம் எஸ்டேட்டுக்கே தெரியும். அந்த மூட்டைகள்மேல் பட்டுவேட்டியோடு உட்கார்ந்து போனேன்.

தாலியை நேரத்துக்குக் கட்டிவிட்டேன். கல்யாணப் படத்தில் என் மனைவி சரோஜா தலைகுனிந்திருப்பது வெட்கத்தால் என்று வருகிறவர்கள் நினைக்கிறார்கள். அவள் மூக்கை மாலைக்குள் புதைத்திருக்கிறாள். பேரப்பிள்ளைகள் அதை விரலால் தொட்டுக் காட்டிச் சிரிப்பார்கள்.

இன்றைக்கும் நான் பசாருக்குப் போகச் சுணங்கினால் அடுப்படியிலிருந்து "ஆர்ரே" என்று குரல் வரும். உடனே எழுந்துவிடுவேன். வெல்லம் கேட்பதில்லை.